முப்பதைத் தாண்டி முதல் படம்: வல்லநாட்டுக் கணேசன் நடிகரான விதம்

1977-இல் கே. பாலசந்தரின் ‘பட்டினப்பிரவேசம்’ வெளியானது. அதில் அறிமுகமான கணேசன் (நமக்கெல்லாம் டெல்லி கணேஷ்) அப்போதே முப்பது வயதைத் தாண்டியிருந்தார். விமானப்படையில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். கதாநாயகனுக்கென்று தமிழ் சினிமா வைத்திருந்த முகவெட்டு அவருக்குக் கிடையாது. சொந்த ஊர் வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், தாமிரபரணியை ஒட்டிய ஊர். அவர் பிறந்த 1944-இல் அது திருநெல்வேலி ஜில்லா. 1986-இல் ஜில்லாவைப் பிரித்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. அந்த முதல் படத்திலிருந்து 2024 நவம்பர் 9 அன்று காலமாகும்வரை அவர் நடித்தவை 400-க்கும் மேற்பட்ட படங்கள். டெல்லி கணேஷ் என்றால் முகம் நினைவுக்கு வராத தமிழர் குறைவு.

முதல் படத்திலேயே கேமரா முன்னால் பதற்றமில்லாமல் நின்ற அந்த மனிதரைத் தயார் செய்தது எது? இதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பாளையங்கோட்டையில் வாரக் கடைசிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடிப்புப் பயிற்சி நடத்துகிறேன். அவர்கள் என்னிடம் கேட்பது வேறு. “அண்ணாச்சி, மெட்ராசுக்குப் போனா எத்தன மாசத்துல சான்ஸ் கெடைக்கும்?” என்பார்கள். மாசக் கணக்கில் கேட்கிறவர்களுக்கு வருஷக் கணக்கில் பதில் சொல்வது கஷ்டம். அதனால்தான் நம்ம பக்கத்து ஆள் ஒருவரின் வாழ்க்கையையே எடுத்து விரித்துப் பார்க்கிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணேசனை உருவாக்கியது, அடுத்த ஆள் பேசும்போது என்ன செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்த மேடை. வசனம் பேச ஆறு மாசத்தில் ஓரளவு பழகிவிடலாம். வசனத்தைக் கேட்பதற்கு அவ்வளவு சீக்கிரம் பழக முடியாது.

ஆற்றங்கரை மேடைகள்

முறப்பநாடு, வல்லநாடு, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றை ஒட்டி வரும் இந்த ஊர்களில் நாடகம் என்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்காருகிற காரியமாக இருந்ததில்லை. கோயில் கொடைத் திருவிழாவோடு வரும். சாமக்கொடை நடக்கும் ராத்திரியில் ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, சுடலைமாடன் கோயில் என்றால் கணியான் கூத்து, வசதியுள்ள ஊரில் மறுநாள் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’.

வில்லுப்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வில்லடிக்கிற புலவர் கதையைச் சொல்லிக்கொண்டு போக, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். புதிதாகக் கேட்பவர்களுக்கு அது சும்மா ஒத்து ஊதுவதுபோலத் தோன்றும். ஆனால் புலவர் மூச்சு வாங்க இடம் கொடுப்பது அந்த ஆமாதான். கதை தொய்யும்போது “அப்புறம்?” என்று கேட்டுத் தூக்கிவிடுவதும், கூட்டம் கண் கலங்கவேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்திக் காட்டுவதும் அதே ஆள்தான். ஆமா போடுகிறவருக்கு முழுக் கதையும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் அன்றுதான் கேட்பதுபோலக் கேட்பார். திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையைச் சென்னை மேடைகளுக்குக் கொண்டுபோய், 2021-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். அவருடைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பவர்கள் அவர் குரலை விட்டுவிட்டு ஒருமுறை பக்கவாட்டுக் குரல்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். நடிப்புக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடம் கட்டிய ஆண்கள் மகுடம் என்ற பறையின் அடிக்கு ஆடுவார்கள். ஆடுகிறவர் உடம்பு முழுக்கப் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்பெஷல் நாடகம் இன்னும் கடினமான பரீட்சை. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து. ஒன்றாக உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பது என்ற வழக்கமே கிடையாது. வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கிற தர்க்கம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் உருவாகும். எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுக்கிறார், எந்தக் கேள்வியைப் போடுகிறார் என்று காது கொடுக்காதவர் அடுத்த கொடைக்கு அந்த ஊருக்கு வர முடியாது.

இது கணேசன் பிறந்த வட்டாரத்தின் காற்று. அதற்குமேல் இதை நீட்டவில்லை. அவர் கொடை மேடை ஏறிய நடிகர் இல்லை. ஆனால் கேட்கிறவனும் நடிகன்தான் என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மூடிப்போன ஒரு வழி

ஒரு தலைமுறைக்கு முன்னால் பிறந்திருந்தால் அவருக்கு வேறொரு வழி இருந்திருக்கும். வல்லநாட்டிலிருந்து அதிக தூரமில்லாத காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், முதலில் எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயங்கர வேடங்கள் கட்டியவர். பிறகு நாடக வாத்தியாரானார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாலர் சபை என்றால் சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் கம்பெனியில். பையன்கள் தங்கள் வேடத்தின் வசனம் மட்டுமில்லாமல் நாடகம் முழுவதையும் பாடம் பண்ண வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவன் அன்று ராத்திரி அந்த வேடத்தில் ஏறுவான். மகரக்கட்டு உடைந்து குரல் தடிக்கும் வயது வந்தால் ஸ்திரீபார்ட் போய்விடும். அதற்குள் வேறு வேடத்துக்குத் தயாராகியிருக்க வேண்டும். எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ்.கே. மூவரும் இப்படிச் சிறுவர் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான்.

நான் அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவன் இல்லை. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரித்து வைத்த முறை அது; அடியும் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முழு நாடகத்தையும் பாடம் பண்ணிய பையனுக்கு எதிராளியின் வசனம் தன் வசனத்தைப் போலவே தெரிந்திருந்தது. இன்றைக்குத் தன் வரிகளை மட்டும் மஞ்சள் கோடு போட்டுப் படித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த ஒரு நல்ல பழக்கம் எப்படித் தொலைந்தது என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி வந்தது. இந்திரா பார்த்தசாரதி அதை முன்நின்று தொடங்கினார். சுவாமிகள் பிறந்த பக்கத்தில் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. கணேசன் வாலிபரான காலத்தில் பாலர் சபைகளின் காலமும் முடிந்துவிட்டிருந்தது.

டெல்லி

1964-இல் இருபது வயதில் கணேசன் விமானப்படையில் சேர்ந்தார். 1974 வரை அங்கேதான். அந்த வேலைக் காலத்தில்தான் தலைநகரில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவில் நடிக்க ஆரம்பித்தார். அப்போதைய டெல்லித் தமிழர்களில் பெரும்பகுதி மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். மயிலாப்பூர், கும்பகோணம், பாலக்காடு, திருநெல்வேலி என்று எல்லா ஊர்க்காரர்களும் ஒரே குடியிருப்பில். ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கும் மேல் தள்ளி இருந்ததால் தமிழ் நாடகம் அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒன்றுகூட அதுவே ஒரு காரணம்.

இங்கே இன்னொரு நெல்லைக்காரரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்குநேரியில் 1935-இல் பிறந்த பேராசிரியர் சே. இராமானுஜமும் அறுபதுகளில் டெல்லிக்குத்தான் போனார், தேசிய நாடகப் பள்ளிக்கு. இப்ராஹிம் அல்காசி அதன் இயக்குநராக இருந்த காலம் அது. உடம்பு, குரல், அரங்க அமைப்பு, ஒளி, உலக நாடகம் என்று எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிக்கொடுத்த இடம். ஒரே ஜில்லாவைச் சேர்ந்த இரண்டு பேருக்கு ஒரே நகரம் நாடகத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒருவருக்கு வகுப்பறையில், பாடத்திட்டத்தோடு. இன்னொருவருக்கு டியூட்டி முடிந்த சாயங்காலங்களில்.

அதைவிட எனக்கு ஆச்சரியமான விஷயம் 1977 என்ற வருஷம். அந்த வருஷம் காந்திகிராமத்தில் கேரளத்தின் ஜி. சங்கரப்பிள்ளையும் இராமானுஜமும் சேர்ந்து நடத்திய நாடகப் பட்டறை, தமிழ் நவீன நாடகத்தின் தொடக்கங்களில் ஒன்று. அதே வருஷம் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்குகிறார். அதே வருஷம் கணேசன் சினிமாவுக்கு வருகிறார். தமிழ் நடிகனைத் தயார் செய்த மூன்று வழிகள், முறையான நாடகக் கல்வி, கூத்தை அடியாகக் கொண்ட பயிற்சிப் பட்டறை, சபா நாடகம், மூன்றும் அந்த ஒரே வருஷத்தில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. மூன்றில் கடைசியை ஆய்வாளர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ‘சிரிப்பு நாடகம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இராமானுஜம் பின்னாளில் திருச்சூர் நாடகப் பள்ளியிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1999-இல் திருக்குறுங்குடி நம்பி கோயிலின் கைசிக நாடகத்துக்கு அனிதா ரத்னத்தோடு சேர்ந்து மறுபடி உயிர் கொடுத்தார். பிரம்மராட்சசனிடம் “திரும்பி வருவேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் நம்பாடுவான் கதை அது. கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் நடக்கும். டெல்லியில் படித்ததை அவர் தன் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கோயில் மண்டபத்துக்கே கொண்டுவந்தார். நம்ம ஜில்லாவில் நடிக்க ஆசைப்படுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது அந்த இரவில் திருக்குறுங்குடியில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சபா மேடை என்ன சொல்லிக்கொடுத்தது

விமானப்படையை விட்டுச் சென்னை வந்த கணேசன், நாடக நடிகர் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய நாடகங்களை அந்தக் குழு போட்டுக்கொண்டிருந்த காலம். ‘பட்டினப்பிரவேசம்’ முதலில் விசுவின் மேடை நாடகம்தான். அதைத்தான் பாலசந்தர் படமாக்கினார். கணேசனுக்கு முன்னால் ‘டெல்லி’யைச் சேர்த்ததும் அவரே.

சபா நாடகத்தின் வேலைமுறையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நடிகர்கள் எல்லாருக்கும் பகலில் ஆபீஸ் உண்டு. ஒத்திகை சாயங்காலம், யாராவது வீட்டு ஹாலிலோ மொட்டை மாடியிலோ. நாடகம் அரங்கேறிய பிறகு இன்று தி.நகர், அடுத்த வாரம் மயிலாப்பூர், அதற்கடுத்த வாரம் வெளியூர் என்று ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் வேறு இடத்தில் சிரிக்கும். மேடைக்கு மேலே மைக் தொங்கும். அதன் அடிக்கு வந்து பேசினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனால் மைக்குக்காக நகர்ந்தது கூட்டத்துக்குத் தெரியக் கூடாது. பேசுவதற்கு ஒரு காரணத்தோடு நகர வேண்டும்: தண்ணீர் குடிக்க, ஜன்னலைச் சாத்த, மகளைத் திட்ட. அந்த வித்தை கைவந்தவருக்குக் கேமரா லென்ஸுக்கு ஏற்ப நின்று பேசுவது பெரிய பாரமாக இருக்காது.

சிரிப்பைக் கையாள்வது இன்னொரு பாடம். வரி போட்டதும் கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரியை எடுக்கக் கூடாது, எடுத்தால் காதில் விழாது. சும்மா மரம் மாதிரி நிற்கவும் கூடாது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் வாயைத் திறக்க வேண்டும். அதுவரைக்கும் முகத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ‘ஏதோ ஒன்று’ அப்போது சொன்ன வரிக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும், எதிரே நிற்பவரின் அடுத்த வரிக்கு வழிவிடவும் வேண்டும். டெல்லி கணேஷை நாம் நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது எது? வசனமா? எனக்கு வருவது, யாரோ ஒன்று சொல்லி முடித்ததும் அவர் முகம் அதை வாங்கிக்கொள்கிற விதம். கண் கொஞ்சம் விரியும், தாடை லேசாக இறங்கும், அப்புறம்தான் பேச்சு. அந்த இடைவெளி சபா மேடையின் கைவேலை.

மூன்றாவது, கூட்டத்துக்கு நடுவே நிற்பது. விசுவின் குடும்பக் கதைகளில் ஒரே ஹாலில் நிறையப் பேர் இருப்பார்கள். ஒருவர் பேச, மற்ற எல்லாரும் அதே கூரையின் கீழ் அந்தப் பேச்சைச் சகித்துக்கொண்டோ ரசித்துக்கொண்டோ நிற்க வேண்டும். பார்வையாளர் கண் எந்த நேரமும் யார் மேலும் விழலாம். அங்கே ஓய்வு கிடையாது.

இதில் எதற்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை, பாடத்திட்டமும் இல்லை. ஆனால் இது பயிற்சி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

கேமரா முன்னால்

இரண்டே வருஷத்தில் அவருக்கு வந்த சோதனை துரையின் ‘பசி’ (1979). சென்னைச் சேரியில் வாழும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் வேடம், மகளாக ஷோபா. அந்தப் படத்துக்காக ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கினார். கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்பு விருது கிடைத்தது. அதுவரை அவர் மேடையில் செய்தவை பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்து மனிதர்கள். ரிக்‌ஷாக்காரரின் உடம்பு வேறு. நாள் முழுக்கப் பெடல் மிதித்த கால் நடக்கும்போது எப்படி விழும், குடித்துவிட்டு வீட்டுக்குள் குனிந்து நுழைகிறவர் எதைப் பார்ப்பார், எதைப் பார்க்காமல் இருப்பார், சென்னைப் பாஷையை வேடிக்கையாக்காமல் பேசுவது எப்படி — இதையெல்லாம் அந்தப் படத்தில் பார்க்கலாம். சிரிப்பு வாங்கப் பழகிய நடிகர், சிரிப்பு வரவே கூடாத இடத்தில் தன் கைவசமுள்ள எல்லா உத்திகளையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நிற்கிறார். கற்ற உத்தி எங்கே வேண்டாம் என்று தெரிவதும் பயிற்சியின் ஒரு பகுதி. பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் முதலில் அவரை அடையாளமே தெரியாமல் பார்ப்பார்கள்.

1981-இல் ஒரு படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாதை அது இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அப்புறம் ‘சிந்து பைரவி’யில் (1985) குடிப்பழக்கமுள்ள மிருதங்கக்காரர், ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கரோடு கடைசிவரை இருக்கும் ஐயர், ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் வில்லன்களில் ஒருவர். ஐயர் வேடம் போட்ட அதே முகத்தை இரண்டே வருஷத்தில் கொலைகாரனாக நம்ப வைத்தது சாதாரணக் காரியம் இல்லை. அதிலும் அவர் முகத்தை மாற்றவில்லை. கேட்கும் விதத்தை மாற்றினார். ஐயர் எதிராளி பேசுவதை நெஞ்சால் கேட்கிறார். வில்லன் அதே பேச்சில் தனக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கேட்கிறார்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) பற்றித்தான் எங்கள் பயிற்சியில் அதிக நேரம் பேசுவோம். சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயர். கிரேசி மோகனின் வசனம் மூச்சு விடாமல் ஓடும். கமல்ஹாசன் காமேஸ்வரனாகப் பாலக்காட்டுத் தமிழில் பேசுவார். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும். அந்தக் கட்டங்களைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு, “கமலைப் பார்க்காதீங்க, கணேசை மட்டும் பாருங்க” என்று சொல்வேன். ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடுவார்கள். ஏனென்றால் அவர் முகத்தை மட்டும் பார்த்தாலே காட்சியில் என்ன நடக்கிறது என்று கதை சொல்லிவிடலாம். எந்த இடத்தில் நம்பினார், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, எந்த இடத்தில் வளர்த்த பிள்ளைமேல் பாசம் பொங்கி சந்தேகத்தை மூடிவிட்டது, எல்லாம் தெரியும். நகைச்சுவைக் காட்சியில் ஒருவர் பதறாமல் உண்மையாகக் கேட்டால்தான் இன்னொருவர் சொல்வது சிரிப்பாகும். அந்தப் படத்தில் அந்த ஆமா போடும் வேலையை அவர் செய்கிறார்.

நாக்கு

திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. “நம்ம பேச்சுத்தான் அண்ணாச்சி இடிக்கி” என்பார்கள். சென்னைக்குப் போனதும் முதல் வேலையாக அதைத் தேய்த்துக் கழுவப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், சினிமாவில் நெல்லைத் தமிழ் என்றால் வரிக்கு ஒரு “ஏலே” போட்டு, கையில் அருவாளும் கொடுத்துவிடுகிறார்கள். பணகுடியில் பிறந்த நெல்லை சிவா போன்ற ஒருசிலர்தான் அந்த ஓசையை அதன் இயல்போடு திரைக்குக் கொண்டுபோனார்கள்.

கணேஷின் வாழ்க்கையில் நான் பார்ப்பது மூன்றாவது வழி. பாலக்காட்டுத் தமிழ், சென்னைப் பாஷை, தஞ்சாவூர் அக்ரகாரப் பேச்சு என்று எதைக் கொடுத்தாலும் அவர் பேசினார். ஒரு வட்டாரத்தின் ஓசையில் பிறந்து, வேறு பல ஓசைகள் புழங்கும் ஊரில் பத்து வருஷம் இருந்தவருக்குத் தமிழ் ஒன்று இல்லை, பல என்று காதே சொல்லிக்கொடுத்துவிடும். தன் பேச்சைத் தொலைத்தவருக்கு அடுத்தவர் பேச்சு வராது. அதனால் எங்கள் பயிற்சியில் முதலில் சொந்த ஊர்ப் பேச்சையே பேச வைக்கிறோம், அதிலும் நுணுக்கமாக. செங்கோட்டைக்காரர் பேச்சும் திசையன்விளைக்காரர் பேச்சும் ஒன்றில்லை. சங்கரன்கோவில் பக்கம் போனால் இழுவை மாறும், கடற்கரைக்குப் போனால் வேகம் மாறும். பேட்டையில் ஒரு கடையில் அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டு வந்து, யார் பேசியதையாவது கேலி செய்யாமல் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “கேலி செய்யாமல்” என்ற இடத்தில்தான் பாதிப் பேர் தடுக்கிவிடுகிறார்கள்.

பிழைப்பு

குணச்சித்திர நடிகரின் வாழ்க்கை கால்ஷீட் கணக்கில் ஓடுவது. கதாநாயகனுக்குப் படம் கணக்கு. இவருக்கு நாள் கணக்கு. காலையில் ஒரு செட்டில் அப்பா, சாயங்காலம் இன்னொரு செட்டில் வக்கீல். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்த கூப்பாடு வருவதற்கு ஒரே காரணம், இவர் வந்தால் வேலை தடங்காது என்று இயக்குநருக்கு இருக்கும் நம்பிக்கை. டெல்லி கணேஷ் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார், குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்கும் நடித்துக்கொடுத்தார். தமிழக அரசின் கலைமாமணி விருதும் பெற்றார். அவர் மறைந்தபோது விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். பலருக்கு அவர் அந்த உடையில் பத்து வருஷம் இருந்தார் என்பதே அன்றுதான் தெரிந்தது.

சம்பளமுள்ள வேலையில் இருந்துகொண்டு நாடகம் போட்டார் என்பதைப் பெற்றோர்களிடம் நான் அழுத்திச் சொல்வதுண்டு. நடிப்பா, வேலையா என்று பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஒரு முச்சந்தியில் நிறுத்துவது அநியாயம். இரண்டும் சேர்ந்து போன ஆள் நம்ம பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அதேசமயம் அவர் போன வழியை இன்றைக்கு அப்படியே நகல் எடுக்கவும் முடியாது. வாராவாரம் வெவ்வேறு சபாக்களில் ஒரே நாடகத்தைப் போடும் காலம் சுருங்கிவிட்டது. அந்தத் திரும்பத் திரும்ப நடிக்கும் வாய்ப்பு போனதுதான் மிகப் பெரிய இழப்பு. இப்போது கல்லூரி விழாவுக்கு ஒரு நாடகம் தயார் செய்தால் ஒரே மேடையோடு அது செத்துப்போகிறது. ஒரு வேடத்தை முதல் முறை செய்யும்போது வரும் பயம், பலமுறை செய்தபிறகு வரும் அலுப்பு, அந்த அலுப்பைத் தாண்டிப் போனால் கிடைக்கும் சுதந்திரம், இதில் எதுவும் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பதில்லை.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு வழிகள் இருக்கின்றன. தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருஷப் படிப்புக்குப் பட்டத்தோடு நாடக அனுபவமும் கேட்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகை உண்டு. புதுச்சேரியும் திருச்சூரும் நமக்கு ஒரு ராத்திரிப் பயணம். கூத்துப்பட்டறையில் பயின்ற பசுபதி, குரு சோமசுந்தரம், கலைராணி போன்றவர்களின் வேலையைப் பார்த்தால் உடம்பைப் பழக்குவது என்றால் என்ன என்று புரியும். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். மறுபடியும் பிழைப்பும் கலையும் சேர்ந்தே போன கதை.

எங்களால் முடிந்ததாக ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ஒரு சின்ன நாடகத்தைத் தயார் செய்தால் அதை ஒரே இடத்தோடு விடுவதில்லை. பாளையங்கோட்டையில் போட்டதை முக்கூடலில் போடுகிறோம், அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுகிறோம், கொடைக் கமிட்டி சம்மதித்தால் வில்லுப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் வேடங்களை மாற்றிவிடுவோம். போன வாரம் ராஜாவாக வந்தவன் இந்த வாரம் வாசலில் நிற்கும் காவலாளி. வசனம் ஒன்றும் கிடையாது, ராஜா பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேடம்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. ஒரு பையன் கோபித்துக்கொண்டு அடுத்த வாரம் வரவே இல்லை. வந்தவர்களில் ஒருத்தி, காவலாளியாக நின்றுவிட்டு இறங்கி வந்து, “அண்ணாச்சி, ராஜா பொய் சொல்லுதாருன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது” என்றாள். மூன்று ஊரில் அதே ராஜாவாகப் பேசியவள் அவள். அடுத்த மேடையில் ராஜா வேடத்தை மறுபடி அவளுக்கே கொடுத்திருக்கிறோம்.